வேளையறிந்த சொற்கள்

ஆகஸ்ட் 7 அல்லது 8ஆம் தேதியோடு ஜப்பானில் கோடைக்கால நலம் விசாரிப்பு அட்டையின் வாசகம் மாறிவிடுகிறது. அதற்கு முன்னால் அனுப்பினால் 'ஷோச்சூ மிமாய்': கொளுத்தும் வெயிலில் எப்படி இருக்கிறீர்கள் என்ற விசாரிப்பு. பின்னால் அனுப்பினால் 'ஸன்ஷோ மிமாய்': எஞ்சிய வெயிலில் எப்படி இருக்கிறீர்கள். டோக்கியோவில் வெயில் மண்டையைப் பிளப்பது அந்த ஆகஸ்ட் மாதத்தில்தான். ஆனாலும் பழைய பஞ்சாங்கத்தில் அன்று 'ரிஷ்ஷூ', கூதிர்காலம் பிறக்கும் நாள். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே 'எஞ்சிய வெயில்' என்று எழுதுகிறார்கள்.

டிசம்பர் கடைசியில் இது இன்னும் கறாராகத் தெரியும். அலுவலகத்தின் இறுதி வேலைநாளில், காய்கறிக் கடையில், மின்தூக்கியில், பிரியும்போதெல்லாம் 'யோய் ஒதோஷி ஒ' என்கிறார்கள். நல்லபடியாகப் புது வருஷத்தைப் பாருங்கள் என்பதுபோல. 31ஆம் தேதி நள்ளிரவு தாண்டியதும் அந்தச் சொல்லுக்கு வேலை முடிந்தது. பிறகு 'அகெமாஷிதே ஒமெதெதோ'. நம் ஊரில் இரண்டு நாள் முன்பே 'அட்வான்ஸ் வாழ்த்துகள்' சொல்லிவிடுவோமே, அங்கே அதற்கு இடமில்லை. ஆண்டு பிறக்காமல் வாழ்த்து பிறக்காது. வீட்டில் அந்த ஆண்டு சாவு விழுந்திருந்தால் நவம்பர், டிசம்பரிலேயே அட்டை போட்டுத் தெரிவித்துவிடுகிறார்கள், இந்தமுறை புத்தாண்டு வாழ்த்துக்கு நாங்கள் இல்லை என்று. சாவு வீட்டில் ஓராண்டுக்குத் தீபாவளி கிடையாது என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புரியும். அங்கே பலகாரத்தோடும் அலங்காரத்தோடும் நிற்பதில்லை, சொல்லையே நிறுத்திவைக்கிறார்கள்.

அன்றாட ஜப்பானியச் சொற்களைப் பற்றி நான் சொல்ல நினைப்பதை இந்த அட்டைகளை வைத்தே சொல்லிவிடலாம். பொருள் தெரிந்த சொல் பாதிதான் கைக்கு வந்திருக்கிறது. எந்த வேளையில், எந்த வாசலில், யார் வாயிலிருந்து அது வரவேண்டும் என்பது மறுபாதி. முதல் பாதியை அகராதி தரும். மறுபாதிக்கு அந்த வாழ்க்கையில் நமக்கென்று ஒரு வேலை இருந்தாக வேண்டும். குப்பை கொண்டுபோய் வைக்கவேண்டும், பிள்ளையைப் பள்ளியில் விடவேண்டும், வைத்தியரிடம் வலியைச் சொல்லவேண்டும்.

ஜப்பானிய மொழித் திறன் தேர்வு 1984இல் தொடங்கியது. சென்னையிலும் அது நடக்கிறது. பழைய பாடத்திட்டத்தில் அடிமட்ட நிலைக்கு ஏறக்குறைய 800 சொற்கள், உச்ச நிலைக்கு 10,000 சொற்கள் என்று கணக்கு வைத்திருந்தார்கள். 2010இல் தேர்வை ஐந்து நிலைகளாகத் திருத்தியபோது அதிகாரபூர்வச் சொல் பட்டியல் வெளியிடுவதையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் பட்டியல் மனப்பான்மை போகவில்லை. இன்றும் அட்டைகளில் ஒருபுறம் சொல், மறுபுறம் பொருள் எழுதி உருப்போடுகிறார்கள். உருப்போடுவதை நான் குறைசொல்லவில்லை. கான்ஜி எனப்படும் சீன வழி எழுத்துகளுக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் 'ஒஹாயோ கொஸாய்மாஸ்' என்றால் காலை வணக்கம் என்று உருப்போட்டவர், சாயங்காலம் ஐந்து மணிக்கு உணவகத்தில் பகுதிநேர வேலைக்கு நுழையும்போது எல்லாரும் அதையே சொல்வதைக் கேட்டுத் திகைப்பார். அன்றைய வேலையில் முதல்முறை முகம் பார்க்கும்போது சொல்வது அது. பொழுது சாய்ந்தால் என்ன, வேலைக்கு அதுதான் காலை.

தமிழருக்கு இந்த மொழியில் ஒரு வாசல் ஏற்கெனவே திறந்திருக்கிறது. வீட்டை விட்டுக் கிளம்பும் ஜப்பானியர் 'இத்தே கிமாஸ்' என்பார். இத்தே என்றால் போய், கிமாஸ் என்றால் வருகிறேன். உள்ளே இருப்பவர் 'இத்தெராஷ்ஷாய்' என்பார்: போயிட்டு வாங்க. 'போறேன்' என்று சொல்லாதே, 'போயிட்டு வர்றேன்' என்று சொல் என்று கண்டிக்கப்பட்டு வளர்ந்த நாக்குக்கு இதைக் கற்றுத்தர ஆசிரியர் வேண்டாம். திரும்பி வந்து காலணியைக் கழற்றும் இடத்தில் நின்றபடி 'ததாயிமா', இதோ வந்துட்டேன். உள்ளேயிருந்து 'ஒகாயெரி'. இந்த நான்கும் நிலைப்படியைச் சேர்ந்த சொற்கள்.

இந்த ஒற்றுமை வாசலோடு நிற்பதில்லை. சாப்பிட்டுப் பார் என்கிறோம். அவர்கள் 'தாபெதே மிரு' என்கிறார்கள், மிரு என்றால் பார். செய்து வை என்பதில் வரும் நம் 'வை' அங்கே 'ஒகு'. அதற்கும் வைப்பது என்றுதான் பொருள். வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும், 'நேற்று வாங்கின புத்தகம்' என்று அடைமொழித் தொடர் முழுவதும் பெயருக்கு முன்னால் வரிசையாக நிற்கும். இவற்றையெல்லாம் பார்த்துத்தான் இவானாமி பழஞ்சொல் அகராதியைத் தொகுத்தவர்களில் ஒருவரான சுசுமு ஒனோ இரு மொழிகளுக்கும் உறவு உண்டென்று பல ஆண்டுகள் வாதாடினார். பேராசிரியர் பொற்கோவும் அவரோடு சேர்ந்து உழைத்தார். மொழியியலாளரில் பெரும்பாலோர் அந்த முடிவை ஏற்கவில்லை. வினைமுற்றில் முடியும் மொழிகள் பலவற்றில் இத்தகைய அமைப்பு தானாக வருவது என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ஆனால் தமிழருக்கு இந்த மொழி மேல் ஒரு சொந்த உணர்வு வந்ததில் ஒனோவுக்குப் பெரிய பங்கு உண்டு. படிக்கிறவருக்கு அந்த உணர்வு சிறிய உதவியில்லை.

யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்தியோடு சேர்ந்து படித்தபோது இன்னொன்று வெளிச்சத்துக்கு வந்தது. ஜப்பானியத்தில் சுட்டு மூன்று. என் கையில் இருப்பது 'கொரே', உன் பக்கம் இருப்பது 'சொரே', இரண்டு பேருக்கும் தள்ளி இருப்பது 'அரே'. தமிழ்நாட்டுக்காரர்கள் இரண்டாவதில் தடுமாறுவோம், நம்மிடம் இதுவும் அதுவும்தான் மிச்சம். அவள் தடுமாறவில்லை.

"இதில என்ன அக்கா கஷ்டம்? நாங்கள் உப்பிடித்தானே கதைக்கிறனாங்கள். இது, உது, அது. இஞ்சை, உங்கை, அங்கை."

தொல்காப்பியம் சுட்டெழுத்தாகச் சொல்லும் அ, இ, உ மூன்றில் உகரச் சுட்டை நாம் செய்யுளோடு விட்டுவிட்டோம், யாழ்ப்பாணம் அடுப்படியில் வைத்திருக்கிறது. எதிரில் இருப்பவர் சொன்னதைக் கேட்டு ஜப்பானியர் 'சோ தெஸ் கா' என்பதை அவள் முதல் நாளே 'உப்பிடியோ' என்று எடுத்துக்கொண்டாள். மற்றவர்கள் 'அப்படியா' என்று புரிந்துகொண்டோம், அதுவும் சரிதான். ஆனால் நீ சொன்னது உன் பக்கத்தில் இருக்கிறது, அதை அங்கேயே வைத்துப் பார்க்கிறேன் என்ற நெருக்கம் அவள் எடுத்துக்கொண்டதில்தான் இருக்கிறது.

இலக்கணம் இப்படி வீட்டுக்கு வந்துவிடுகிறது. சொற்கள் வருவதில்லை. அவற்றைத் தெருவில்தான் பொறுக்கவேண்டும்.

பொறுக்கப் போகிறவருக்கு முதலில் கைகொடுப்பவை இயந்திரங்கள். குளியல் தொட்டியை நிரப்பச் சமையலறைச் சுவரில் இருக்கும் பொத்தானை அழுத்தினால் ஒரு பெண்குரல் வெந்நீர் நிரப்புவதாக அறிவிக்கும். நிறைந்ததும், பல வீடுகளில், ஜெர்மானிய இசையமைப்பாளர் தியோடோர் ஓஸ்டனின் பொம்மைக் கனவு மெட்டு ஒலிக்க, 'ஒஃபுரோ கா வாகிமாஷ்தா' என்று சொல்லும். ரயிலில் கதவு மூடும் முன் 'தோஆ கா ஷிமாரிமாஸ்'. நகரும் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லும் குரல். ஒரே இடத்தில், ஒரே வேகத்தில், ஒரே செயலுக்கு முன்போ பின்போ அதே வாக்கியம். சலிப்பில்லாமல், ஒரு அசையையும் விழுங்காமல் சொல்லித்தரும் வேறு ஆசிரியர் யார்? பதில் எதிர்பார்ப்பதும் இல்லை. வெந்நீருக்கு 'ஒயு' என்றும் தண்ணீருக்கு 'மிஸு' என்றும் தனித்தனிச் சொல் இருப்பதை நான் தெரிந்துகொண்டது அந்தக் குளியலறைக் குரலிடமிருந்துதான்.

24 மணி நேரக் கடைகளின் கல்லாவிலும் முதலில் கேட்கத்தான் கற்கிறோம். உள்ளே நுழைந்ததும் வரும் 'இராஷ்ஷாய்மாசெ'வுக்கு யாரும் பதில் சொல்வதில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. ஜப்பானியத்தில் இப்படி வாங்கிக்கொள்ள மட்டுமேயான சொற்கள் ஏராளம், கடைக்காரர் வாடிக்கையாளரிடம் பேசும் மரியாதை மொழி முழுவதுமே அப்படித்தான். அவற்றைப் பேசக் கற்று நேரத்தை வீணாக்காதீர்கள், கேட்கக் கற்றால் போதும் என்று புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வதுண்டு. 2020 ஜூலை 1 முதல் ஞெகிழிப் பைக்குக் காசு வாங்கவேண்டும் என்று அரசு விதித்தபிறகு, பை வேண்டுமா என்ற கேள்வி ஒவ்வொரு கல்லாவிலும் வரத் தொடங்கியது. 'ஃபுகுரோ' என்றால் பை. அதுவரை அந்தச் சொல் இல்லாமலே பல ஆண்டு ஓட்டிய வெளிநாட்டவர்கூட அந்தக் கோடையில் அதைக் கற்றுக்கொண்டார்கள்.

குப்பை வேறு பள்ளிக்கூடம். அங்கே கேட்டால் மட்டும் போதாது.

குடிபோன முதல் வாரத்தில் நகராட்சி தரும் தாளில் கிழமையும் குப்பை வகையும் கட்டம் கட்டி இருக்கும். டோக்கியோ வார்டுகளில் எரிக்கும் குப்பை 'மொயாசு கோமி'. வேறு ஊர்களில் அதையே 'மொயெரு கோமி' என்று எழுதியிருப்பார்கள், எரியும் குப்பை. மொயெரு தன்வினை, மொயாசு பிறவினை. எரிகிறது, எரிக்கிறது என்று நாம் ஒரு மெய்யெழுத்தை இரட்டித்துச் செய்வதை அவர்கள் விகுதி மாற்றிச் செய்கிறார்கள். ரயில் குரல் சொன்ன 'ஷிமாரிமாஸ்' கதவு மூடிக்கொள்வது. நாம் கையால் மூடினால் 'ஷிமெமாஸ்'. பாடப் புத்தகத்தில் இந்த இணைகளை அட்டவணை போட்டுத் தந்திருப்பார்கள். அட்டவணையில் அவை ஒட்டுவதில்லை, குப்பைத் தாளிலும் ரயில் கதவிலும் ஒட்டிவிடுகின்றன. இந்த இணைகளிடம் பிறகு திரும்பி வருவேன்.

பெட் பாட்டிலைக் கொடுக்கும் முன் மூடியைக் கழற்றவேண்டும், மேலே சுற்றிய தாளை உரிக்கவேண்டும், உள்ளே அலசவேண்டும், நசுக்கவேண்டும். நான்கு வேலை, நான்கு வினைச்சொல், எல்லாவற்றுக்கும் ஒரே பாட்டில் கையில். நாற்காலியோ மெத்தையோ போடவேண்டுமென்றால் 'சொதாய் கோமி', பெருங்குப்பை. முன்பதிவு செய்து, கட்டண வில்லை வாங்கி ஒட்டி, குறித்த நாளில் வெளியே வைக்கவேண்டும். காக்கை கிளறாமல் இருக்கக் குப்பை மூட்டைகளின் மேல் போர்த்தும் வலைக்கும் ஒரு பெயர் உண்டு. நாள் தவறி வைத்த மூட்டையில் ஒரு வில்லை ஒட்டி அங்கேயே விட்டுப்போவார்கள். அந்த வில்லையில் இருக்கும் வாக்கியத்தைத் தெரு முழுக்கப் படிக்கும். காலை எட்டு மணிக்கு முன் அந்த வலையோரம் நிற்கும் மூதாட்டிகளைவிடப் பொறுமையான ஆசிரியர்களை நான் பார்த்ததில்லை. 'இன்றைக்கு ஷிகென் நாள்' என்பார்கள், மீண்டும் பயனுக்கு வரும் வளங்களை வைக்கும் நாள். அடுத்தமுறை நாம் அதை அவர்களுக்கு முன்பே சொன்னால் முகம் மலரும்.

கிழமைகளும் அந்தத் தாளில்தான் நிலைத்தன. காயோபி, சுயோபி, மொகுயோபி என்று மனப்பாடம் செய்தபோது நழுவிக்கொண்டே இருந்தவை, அவற்றின் முதல் எழுத்தைக் கோளோடு சேர்த்துப் பார்த்ததும் பிடிபட்டன. திங்கள் அங்கேயும் திங்கள்தான், நிலா எழுத்து. ஞாயிறுக்கு ஞாயிறு. நெருப்பு எழுத்து செவ்வாய்க் கோள், நீர் எழுத்து புதன், மர எழுத்து வியாழன், பொன் எழுத்து வெள்ளி, மண் எழுத்து சனி. இந்த வரிசை ஜப்பானுக்குப் போனதில் இந்திய வானியலுக்குப் பங்குண்டு. அமோகவஜ்ரர் சீனத்தில் ஆக்கிய கோள்-நட்சத்திர நூலை 806இல் கூகாய் என்ற துறவி தம்மோடு ஜப்பானுக்குக் கொண்டுவந்தார். செவ்வாய்க்கிழமை எரிக்கும் குப்பை என்பதை நான் நெருப்புக் கிழமை என்றே நினைவில் வைத்திருக்கிறேன்.

பிள்ளைகளை 'ஹொய்குஎன்' எனப்படும் காப்பகத்தில் விடுகிற தாய்மார்கள் மற்றவர்களைவிட வேகமாக முன்னேறுவதைக் கண்டிருக்கிறேன். டோக்கியோவில் இந்தியர் மிகுதியாக வாழும் நிஷி காசாய்ப் பகுதியில் கணினி வேலைக்கு வந்த ஆண்கள் ஆங்கிலத்திலேயே அலுவலகம் நடத்தி, இந்தியக் கடையில் அரிசி பருப்பு வாங்கி, சொல் சேராமலே ஆண்டுகளைக் கழித்துவிட முடியும். அவர்கள் மனைவியருக்கு அந்த வசதி கிடையாது. காப்பகத்துக்கும் வீட்டுக்கும் தினமும் போய்வரும் ஒரு நோட்டு உண்டு, 'ரென்ராகுச்சோ'. காலையில் உடல்வெப்பம் எவ்வளவு, இரவு எத்தனை மணிக்குத் தூங்கியது, என்ன சாப்பிட்டது, மலம் எப்படி என்று தாய் எழுதவேண்டும். சாயங்காலம் அதே நோட்டில் ஆசிரியை எழுதியிருப்பார். 'நெட்சு' காய்ச்சல். 'ஹனமிஸு' மூக்கில் ஒழுகும் நீர். 'ஹனா' மூக்கு, மிஸு நமக்கு ஏற்கெனவே தெரிந்த தண்ணீர். 'கிகாயெ' மாற்று உடுப்பு. முதல் மாதம் தொலைபேசிச் செயலியை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தவர்கள் ஆறு மாதத்தில் ஆசிரியையின் கையெழுத்தில் அவசரம் தெரிகிறதா என்று சொல்லுவார்கள்.

என் யாழ்ப்பாணத் தோழிக்கு அந்த நோட்டில் இரண்டு சொற்கள் தயாராக இருந்தன. மதியச் சிற்றுண்டியில் 'பான்' என்று எழுதியிருந்தது, ரொட்டி. அவள் ஊரில் அது பாண். உடுப்புப் பட்டியலில் 'போதான்', நம் பொத்தான். இரண்டும் போர்த்துகீசியர் கப்பலில் வந்தவை. 1543இல் தனெகாஷிமாத் தீவில் கரையேறியவர்களும் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவர்களும் ஒரே நாட்டார். "பாணும் பொத்தானும் எங்கடை சாமான் அக்கா" என்று அவள் அடித்துச் சொன்னபோது மறுக்கத் தோன்றவில்லை.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அடுத்த நிறுத்தம் வைத்தியர். அங்கே 'இதாய்', வலிக்கிறது என்று சொன்னால் போதாது. எப்படி வலிக்கிறது? 'ஸுகிஸுகி'யா, 'ஷிகுஷிகு'வா, 'ச்சிகுச்சிகு'வா? முதலாவது சொத்தைப் பல்லிலோ சீழ் பிடித்த விரலிலோ நாடித் துடிப்போடு சேர்ந்து வரும் வலி, நம் விண்விண். இரண்டாவது வயிற்றில் விடாமல் மந்தமாக இருந்துகொண்டே இருப்பது. மூன்றாவது முள் குத்துவதுபோல, சுருக்சுருக். தலைக்குள் சம்மட்டி போட்டால் 'காங்காங்', தோல் காந்தினால் 'ஹிரிஹிரி'. இத்தகைய சொற்களுக்கென்றே 4,500 பதிவுகள் கொண்ட அகராதியை ஷோகாக்குகான் பதிப்பகம் 2007இல் வெளியிட்டிருக்கிறது. ஐரோப்பியர்கள் இவற்றைக் குழந்தைப் பேச்சு என்று ஒதுக்கிவிட்டுப் பின்னால் அவதிப்படுகிறார்கள். இரட்டைக்கிளவியில் புழங்குகிறவர்களுக்கு அந்தத் தயக்கம் வேண்டியதில்லை. நசநசவென்று மழை, பிசுபிசுவென்று கை, மொறுமொறுவென்று தோசை என்று பேசும் வாய்க்கு மெல்லிய மழை 'ஷிதோஷிதோ', ஒட்டுவது 'நெபாநெபா', மொறுமொறுப்பு 'சாகுசாகு' என்பதெல்லாம் அந்நியமா என்ன? ஒலி வேறு, உடம்பு ஒலியாகப் பேசும் என்ற நம்பிக்கை ஒன்றுதான். ஆனால் அந்த வலியோ ஈரமோ இருக்கும்போதே கேட்டுக்கொள்ளவேண்டும். ஆறின பிறகு அகராதியில் தேடினால் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும்.

பல ஊர்களில் மாலை ஐந்து மணிக்குத் தெருவோரக் கம்பத்திலிருந்து மணியோசைபோல ஒரு மெட்டு எழும். 'யூயாகெ கொயாகெ' என்ற சிறுவர் பாட்டின் மெட்டை இதற்கென்றே பல நகராட்சிகள் வைத்திருக்கின்றன. பிள்ளைகள் விளையாட்டை விட்டு வீட்டுக்குப் போகவேண்டிய நேரம் அது. அந்த ஒலிபெருக்கி பேரிடர் அறிவிப்புக்காக நடப்பட்டது, தினசரி மெட்டு அது வேலை செய்கிறதா என்ற சோதனையும்கூட.

அங்கேயிருந்து வேறு குரல் வரும் நாளில் சொற்களின் எடை மாறிவிடுகிறது. 1995 ஜனவரி 17இல் கோபே நகரை நிலநடுக்கம் தகர்த்தபோது 6,400க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வெளிநாட்டவரிடையே பாதிப்பு விகிதம் கூடுதலாக இருந்ததை ஆராய்ந்தவர்கள், அறிவிப்புகளின் மொழி அவர்களுக்கு எட்டவில்லை என்பதையும் கண்டார்கள். ஹிரோசாகி பல்கலைக்கழகத்தில் சாதோ கஸுயுகியும் அவருடைய குழுவும் 'யசாஷீ நிஹோங்கோ' என்ற எளிய ஜப்பானியத்தை வகுத்தது அதன்பிறகுதான். 'தகாதாயி'க்கு 'ஹினான்' செய்யுங்கள் என்று அதிகாரி சொன்னால், மேட்டு நிலத்துக்கு இடம்பெயருங்கள் என்று அர்த்தம். இரண்டும் அறிவிப்பு நடைச் சொற்கள், காய்கறிக் கடையில் காதில் விழாதவை. உயரமான இடத்துக்கு ஓடுங்கள் என்று சொன்னால் புதிதாக வந்தவருக்கும் புரியும்: 'நிகெதே'. பூனையும் திருடனும் ஓடுவதற்கான எளிய வினை. உயிர் போகும் நேரத்தில் உதவுவது தெருவில் பொறுக்கிய சொல்தான்.

2011 மார்ச் 11இல் இபராகி மாகாணத்தின் ஒஆராய் என்ற சிற்றூரில் ஒலிபெருக்கி மரியாதை விகுதியை விட்டுவிட்டது. ஊர்மக்களிடம் 'தயவுசெய்து' என்று கேட்கும் வழக்கமான வாய்பாட்டை ஒதுக்கி, 'ஹினான் செயோ' என்று ஏவல் வினையில் கட்டளையிட்டார்கள். அதன்பின் தேசிய ஒலிபரப்பான என்எச்கேயும் சுனாமி அறிவிப்பின் தொனியை மாற்றிக்கொண்டது. 2024 புத்தாண்டு நாளில் நோட்டோ தீபகற்பம் குலுங்கியபோது, இப்போதே ஓடுங்கள் என்று அறிவிப்பாளர் ஏறக்குறைய கத்தினார். திரையில் சிறுபிள்ளையும் படிக்கக்கூடிய ஹிரகானா எழுத்தில் 'நிகெதே' பெரிதாக நின்றது. யாரோடு எந்த மரியாதையில் பேசுவது என்று வாழ்நாள் முழுக்க அளந்து பேசுகிற ஒரு மொழி, மரியாதையைக் கழற்றி வைக்க வேண்டிய வேளையும் உண்டென்று முடிவுசெய்திருக்கிறது. நான் அந்த மொழியை மதிப்பதற்கு இதுவும் காரணம்.

சுனாமி என்ற சொல்லைத் தமிழ்க் கரை கற்றதும் இப்படித்தான். 2004 டிசம்பர் 26 காலைவரை நாகப்பட்டினத்து மீனவக் குப்பத்தில் யார் அதைக் கேட்டிருப்பார்கள்? அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000க்கும் மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோயிற்று. ஆழிப்பேரலை என்று செய்தித்தாள்கள் நல்ல தமிழில் எழுதிப் பார்த்தன. ஜனங்கள் விடவில்லை. சுனாமிக் குடியிருப்பு என்று முகவரி வந்தது. சுனாமிக்கு முந்தி, சுனாமிக்குப் பிந்தி என்று காலக்கணக்கு வந்தது. 'சு' என்றால் துறைமுகம், 'நாமி' என்றால் அலை என்பது பிறகு படித்தவர்கள் சொல்லித் தெரிந்தது. கரைக்கு அந்த விளக்கம் தேவைப்படவில்லை.

இப்போது தமிழ்நாட்டிலிருந்து வேறொரு கூட்டம் ஜப்பானியம் படிக்கத் தொடங்கியிருக்கிறது. 2019 ஏப்ரலில் ஜப்பான் கொண்டுவந்த குறிப்பிட்ட திறன் விசாவில் முதியோர் பராமரிப்பும் ஒரு துறை. 2021இல் இந்தியாவோடு அதற்கு ஒப்பந்தம் ஆயிற்று. செவிலியப் படிப்பு முடித்த பிள்ளைகள் 'காய்கோ' எனப்படும் பராமரிப்பு வகுப்புகளில் சேர்கிறார்கள். அவர்களைப் பற்றித்தான் எனக்கு அக்கறையும் கவலையும். முன்பு இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் நாடுகளிலிருந்து போன செவிலியர்கள் தேர்வில் 'ஜொகுசோ' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டார்கள். படுக்கைப் புண்ணுக்கான மருத்துவச் சொல் அது. ஜப்பானியர்களே படிக்கத் திணறும் எழுத்து. வீட்டுப் பேச்சில் அதே புண் 'தொகோஸுரே'. விவாதம் எழுந்து, பிறகு தேர்வுத்தாளில் கடினச் சொற்களுக்கு ஒலிப்பு எழுதித் தர ஒப்புக்கொண்டார்கள். தேர்வைத் தாண்டிவிடலாம். படுக்கையருகே என்ன செய்வது?

அந்தத் தொழிலில் 'கோயெகாகெ' என்று ஒரு பழக்கத்தை முதல் நாளே புகட்டுகிறார்கள். முதியவரைத் தொடுவதற்கு முன் குரல் கொடுக்கவேண்டும். போர்வையை விலக்கப் போகிறேன், விளக்கைப் போடப் போகிறேன், வலது கையைச் சட்டைக்குள் விடப் போகிறேன் என்று ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டே செய்யவேண்டும். குரல் முந்தாமல் கை போனால் அவர் மிரளுவார், உடம்பு விறைத்துக்கொள்ளும். அதிலும் எந்தச் சொல் என்பது பெரிய விஷயம். 'ஒகோஷிமாஸ் நெ' என்றால் உங்களை எழுப்பப் போகிறேன். 'ஒகிமாஷோ கா' என்றால் எழுந்துகொள்ளலாமா. குப்பைத் தாளில் பார்த்த அதே பிறவினை, தன்வினை. 2000த்தில் நடைமுறைக்கு வந்த ஜப்பானியப் பராமரிப்புக் காப்பீட்டுச் சட்டம், முதியவர் தம்மால் இயன்றதைத் தாமே செய்ய உதவுவதை நோக்கமாகச் சொல்கிறது. அந்த நோக்கம் படுக்கையருகே வரும்போது ஒரு வினைச்சொல்லின் விகுதியாகத்தான் வருகிறது. எழலாமா என்று கேட்டுவிட்டு, தோள் அசைகிறதா என்று பார்க்கவேண்டும். அசைந்தால் முதுகுக்குக் கைகொடுத்தால் போதும். அசையாவிட்டால்தான் எழுப்புகிறேன் என்று சொல்லி எழுப்பவேண்டும்.

எழு, எழுப்பு, உண், ஊட்டு, நட, நடத்து என்று நம் பிள்ளைகள் வாய் திறந்த நாளிலிருந்தே அறிந்த வேறுபாடு இது. தமிழ்நாட்டில் நடக்கும் காய்கோ வகுப்புகளில் இந்த இணைகளைக் கரும்பலகையில் இரண்டு பத்தியாக எழுதிப்போட்டு ஒப்பிக்கச் சொல்லும் வழக்கத்தை விடவேண்டும் என்று கேட்டுக்கொள்வேன். வகுப்பில் ஒரு கட்டிலும் ஒரு சக்கர நாற்காலியும் போடுங்கள். ஒரு மாணவி படுக்கட்டும், இன்னொருத்தி குரல் கொடுக்கட்டும்; சொல் முடிந்தபிறகு கை போகட்டும். பிறகு இடம் மாறிப் படுத்துப் பார்க்கட்டும். குரல் இல்லாமல் ஒரு கை தன் தோளைத் தொட்டால் எப்படி இருக்கிறது என்பதை அவர்கள் அங்கேயே, ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே தெரிந்துகொள்வார்கள்.